கிள்ளானுக்குப் போகிற தண்ணீர்

அம்மா என் தூக்கத்துக்குள் புகுந்து உள்ளங்காலில் தைலம் தேய்த்துவிட்டுப் போயிருந்தாள். கனவில் நான் ஒரு பச்சைக் குளத்தில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் சில்லென்றது, பிறகு சுட்டது, மறுபடியும் சில்லென்றது. கண் விழித்தபோது குளம் இல்லை. காலில் எரிச்சல் மட்டும் இருந்தது. அறை முழுக்க அந்த வாசம்.

“அம்மா!”

“என்னா?” சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“தைலம் தேய்ச்சியா?”

“இருமின லா. ரெண்டு தடவ. நான் முழிச்சுக்கிட்டுதான் கிடந்தேன்.”

“எத்தன தடவ சொல்லியிருக்கேன்? ஜனவரியில நடந்தது மறந்து போச்சா?”

“கால்லதானே தேய்ச்சேன் பாப்பா. மூக்குலயா தேய்ச்சேன்?”

இதற்கு மேல் அவளோடு பேச முடியாது. குளியலறைக்குப் போய், வாசமில்லாத சவர்க்காரத்தைப் போட்டுக் காலை மூன்று முறை கழுவினேன். தைலம் கழுவினால் போகிற சாதி இல்லை. தோலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, நாம் மறந்த நேரத்தில் எட்டிப் பார்க்கும்.

என் வேலை தண்ணீரை மோந்து பார்ப்பது. சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், அதனால் வெளியே ‘லேப்’ என்று மட்டும் சொல்வேன். ஜெஞ்சாரோம் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே வரும். சுத்தமாகி மறுபக்கம் குழாயில் ஏறிக் கிள்ளானுக்குப் போகும். மணிக்கு ஒரு தடவை ஆற்றுத் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து மோந்து பார்க்க வேண்டும். டீசல், பெயின்ட், தொழிற்சாலைக் கழிவு என்று வரக்கூடாத வாசம் எது வந்தாலும் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் வாயை மூடிவிடுவார்கள். இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் சில கள்ள வாசங்கள் இயந்திரத்துக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் எங்களுக்குச் சென்ட் கிடையாது, பவுடர் கிடையாது, தலைக்குப் பூ கிடையாது. தைலம் மகா பாவம்.

ஜனவரியில் அந்தப் பாவம் நடந்தது. எனக்குச் சளி என்று அம்மா என் வேலைச் சட்டையின் காலருக்கு உள்பக்கம் தைலத்தைத் தடவி, துவைத்த துணியோடு மடித்து வைத்துவிட்டாள். நான் குடுவையில் குனிந்தேன், ஏதோ காரமாக வந்தது, “இருக்கு” என்றேன். ஒரு மூக்கு சொன்னால் போதாது, இரண்டாவது மூக்கும் சொல்ல வேண்டும் என்பது விதி. அன்று கூட இருந்த ரயனும் குனிந்து பார்த்துவிட்டு “ஆமா, இருக்கு” என்றான். நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் அவனுக்கும் வந்துவிட்டது. மூன்று மணி நேரம் நிலையத்தை நிறுத்தினார்கள். கடைசியில் லேப்பில் கூட வேலை செய்யும் சௌதா என் கழுத்துப் பக்கம் வந்து நின்று, ஒரு இழுப்பு இழுத்து, “அடிப்பாவி” என்றாள்.

அன்றிலிருந்து பம்பு அறை ஆட்களுக்கு என் பெயர் பெர்னிஸ் இல்லை. தைலம்.

எங்கள் வீட்டில் கவலைப்படுவது ஒரு வேலை. அம்மா செசிலியா கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றாள். இந்த வேலையை அதைவிட நீண்ட காலமாகச் செய்கிறாள், இதில் ஓய்வும் இல்லை. அப்பா கபிரியேல் லோரி ஓட்டுகிறார். அவர் கேட்டைத் தாண்டிய நிமிடத்திலிருந்து அம்மாவின் கண்ணுக்குள் கூட்டரசு நெடுஞ்சாலையில் எல்லா லோரியும் கவிழும். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று, “பெயிலாயிட்டா?” என்றாள். பாஸ் பண்ணிய அன்று, “வேல கிடைக்கலன்னா?” வேலை கிடைத்த அன்று, “நிரந்தரம் பண்ணலன்னா?”

அவளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதே குரல் எனக்குள்ளும் ஓடுவதால்தான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். அவள் வாய்விட்டுச் சொல்கிறாள், நான் சொல்வதில்லை. பட்டம் வாங்கியதில் வந்த வித்தியாசம் அவ்வளவுதான். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று கல்யாண வீடுகளில் என்னைக் கையைப் பிடித்துக் காட்டுவார்கள். முதல் என்றால் என்ன தெரியுமா? வழுக்கினால் பிடிக்க முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. படித்தபோது பரீட்சைக்குப் பயந்து படித்தேன். வேலைக்கு வந்து வேலை போய்விடும் என்று பயந்து வேலை செய்தேன். குடுவையில் குனியும்போதெல்லாம், தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை விட, நான் சொல்வது தப்பாகிவிடுமா என்பதைத்தான் மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் கடைசியில் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டும். வருமா?

கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றாள். “கோவமா போகாத பாப்பா. கோவமா ஓட்டினா எக்சிடன் ஆயிரும்.”

நான் கோபமாகவே போனேன்.

பந்திங் சாலையில் பனி இறங்கியிருந்தது. அப்பாவின் பழைய கஞ்சில் காரின் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். அது என் மூக்குக்குக் காலை உடற்பயிற்சி. பேக்கரியின் வெண்ணெய் வரும், அதைக் கடந்தால் ஈரத் தார், பிறகு யாரோ குப்பையை எரித்த நேற்றைய புகை. செம்பனை ஆரம்பித்ததும் மண்ணும் அழுகிய ஓலையும் சேர்ந்து ஒரு பெரிய மிருகத்தின் மூச்சுபோல வரும். சாலை தெரியவில்லை, மரங்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. நான் காரை ஓட்டுகிறேனா, வாசங்கள் ஒவ்வொன்றாக என்னைக் கைமாற்றிக்கொண்டு போகின்றனவா என்று சந்தேகமாக இருந்தது. அந்த அரை மணி நேரம் மட்டும் எனக்குள் ஓடும் குரல் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

நிலையத்தின் வாசலில் இறங்கியதும் திரும்ப ஆரம்பித்தது. கால். கால். கால்.

லேப்பில் சௌதா ஏற்கெனவே வந்து பதிவுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது, துடோங் முக்காட்டுக்கு மேல் கண்ணாடி. குடும்பம் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறது. நோன்பு மாதம், அவளுக்கு எட்டாவது நோன்பு. எங்களுக்குத் தவக்காலம், நான் கறி சாப்பிடுவதில்லை.

“என்னா தைலம், இன்னிக்கி என்னா பிராண்ட்?” என்றாள்.

“கால்ல மட்டும். கழுவிட்டேன்.”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “சீரியஸாவா?”

“அம்மா.”

“உங்கம்மாவ ஒரு நாள் நான் வந்து பாக்கணும் லா. காலுறைய ரெண்டா போட்டுக்க. பூட்ஸ கழட்டாத.”

அவள் தண்ணீர் மாதிரி எடுக்கக் கீழ்த் தொட்டிகளுக்குப் போனாள். ஏழு மணிக் குடுவை என்னுடையது.

முறை இப்படி: தண்ணீரை முதலில் குளிர்ச்சியாக மோந்து பார்க்க வேண்டும். பிறகு வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் வைத்துச் சூடாக்கி இன்னொரு முறை. அதற்குப் பிறகுதான் எழுத வேண்டும். எங்கள் தாள்கள் மலாயில் இருக்கும். வாசம் இருந்தால் ‘அடா’, இல்லையென்றால் ‘தியாடா’.

மூடியைத் திறந்து குனிந்தேன்.

சேறு. இலை. மீன் கழுவிய கல். ஆற்றின் வழக்கமான வாசம், எனக்குப் பழக்கமான வாசம். அதற்குப் பின்னால், மிகத் தூரத்தில், வேறொன்று. புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதன் நிழல். நிழலுக்கு அடியில் ஒரு கெட்ட இனிப்பு. இன்னொரு முறை குனிந்தபோது அது இல்லை. நிமிர்ந்தபோது இருந்தது. தண்ணீரிலிருந்து வருகிறதா, என் காலிலிருந்து வருகிறதா? அல்லது ஜனவரியிலிருந்தே என் மூக்குக்குள் உட்கார்ந்திருக்கும் பயத்திலிருந்து வருகிறதா?

குடுவையை வெந்நீரில் வைத்தேன். பேனாவை எடுத்தேன். ஏழு மணிக்கு நேரே இருந்த கட்டத்தில் ‘தியாடா’ என்று எழுதினேன்.

இன்னும் சூடாகவில்லை. மோந்து பார்க்கவில்லை. எழுதிவிட்டேன். என் கையெழுத்து அழகாக, பரீட்சைத் தாளில் இருப்பதுபோலத் தெளிவாக இருந்தது.

பத்து நிமிடம். செய்ய ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அந்த ஜன்னலுக்கு ஆற்றுப் பக்கம் தெரியாது, மறுபக்கம்தான் தெரியும். இரண்டு நீலக் குழாய்கள், ஒரு ஆள் குனியாமல் நடந்து போகிற அகலம், பனிக்குள் போய்ச் செம்பனை மரங்களுக்கு அடியில் மறைந்தன. ஒரு வருடமாக இங்கே வேலை செய்கிறேன், வருகிற தண்ணீரை மட்டுமே பார்த்திருக்கிறேன். போகிற தண்ணீரை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வெந்நீர்த் தொட்டியின் முணுமுணுப்பு, ராத்திரி சரியாகத் தூங்காத கண். நான் குழாய்க்குள் இருந்தேன். இருட்டாக இல்லை, பாசி நிறத்தில் ஒரு வெளிச்சம். தோட்டத்துக்கு அடியில் போனேன், சாலைக்கு அடியில் போனேன், மேலே லோரிகள் போவது இடி போலக் கேட்டது. அதில் ஒன்றில் அப்பா இருந்திருப்பார். பிறகு குழாய் பிரிந்தது. நானும் பிரிந்தேன். ஒரு கிளை சௌதா வீட்டுக் கடையின் அண்டாவுக்குள் விழுந்து கஞ்சியாகக் கொதித்தது. ஒரு கிளை சுராவ் தொழுகைக்கூடத்துக் குழாயில் யாரோ ஒரு கிழவரின் முழங்கையை நனைத்தது. எங்கள் கோயில் வாசலின் தீர்த்தத் தொட்டியில் போய்க் கொஞ்சம் அசையாமல் நின்றேன், ஒரு விரல் வந்து என்னைத் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனது. கடைவீட்டு மாடி டயாலிசிஸ் நிலையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுச் சுகுமாறன் மாமா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் நான்கு மணி நேரம் அவர் ரத்தத்தை இயந்திரம் கழுவும், கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும். நான் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றேன். பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் எங்கள் குழாய் போகாது. ஆனால் போனது, அங்கே பூக்கடையில் ஒரு பெண் வாளியில் கையை விட்டு ரோஜா மூட்டையின் மேல் தெளித்தாள், நான் துளித்துளியாக விழுந்தேன். கடைசியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் இருந்தேன். சூடு பார்க்க ஒரு தாயின் முழங்கை வந்தது, பிறகு ஒரு குழந்தையின் முதுகு. குழந்தை என்னை அள்ளி வாயில் வைத்தது.

யாருக்கும் என்னைத் தெரியவில்லை. யாரும் திறக்கும் முன் யோசிக்கவில்லை. அவர்கள் யாருக்குமே கவலை இல்லை. எங்கோ ஒரு ஆள் ஏற்கெனவே குனிந்து பார்த்துவிட்டார் என்று நினைத்தல்ல, அப்படி ஓர் ஆள் இருப்பதே தெரியாமல் அவர்கள் நிம்மதியாகக் குழாயைத் திறந்தார்கள்.

மணி அடித்தது. பத்து நிமிடம்.

குடுவையைத் துடைத்தேன், மூடியைத் திறந்தேன், குனிந்தேன். செருப்புப் பெட்டி. சந்தேகமே இல்லை. சூட்டில் அது எழுந்து என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. எனக்குள் அந்தக் குரல் ‘ஒருவேளை காலா?’ என்று ஆரம்பித்தது. இருக்கலாம், அதையும் பார்த்துவிடுவோம் என்றேன். கேள்வி என்னைப் பற்றியதாக இல்லாமல் போனதும் அது எவ்வளவு சின்னக் கேள்வி!

‘தியாடா’வின் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் ‘அடா’ என்றும் கீழே குறிப்பில் என்ன வாசம் என்றும் எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்.

பாஸ் பெயர் குரு. ஐம்பத்தைந்து வயது, சுத்தமான சட்டை. கோவிட் வந்த பிறகு அவர் மூக்கு பாதிதான் வேலை செய்கிறது. அதை அவரே சொல்லிச் சிரிப்பார், நாம் சொன்னால் கோபப்படுவார். தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“தியாடான்னு எழுதி அடிச்சிருக்க. எது உண்மை?”

“ரெண்டாவது.”

“அப்ப முதல்ல ஏன் அப்படி எழுதின?”

“சூடாகறதுக்கு முந்தியே எழுதிட்டேன் பாஸ். பயந்துட்டேன்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. லேப்புக்கு வந்து குடுவையில் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். “எனக்கு ஒண்ணும் வரல.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “இரு. தைலம் வாசம் வருதே.”

“ஆமா. கால்ல. அம்மா தேய்ச்சிட்டாங்க.”

“ஐயோ கடவுளே.” நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இன்னிக்கி என்னா நாளு? நோன்பு மாசம், வெள்ளிக்கெழம. சாயங்காலம் கிள்ளான்ல எல்லா அடுப்பும் எரியும். இப்ப மூடினா மேட்டு வீடுங்களுக்கு நாளைக்கு மத்தியானம்தான் தண்ணி ஏறும். ஜனவரில எனக்கு எத்தன ஃபோன் வந்துச்சு தெரியுமா?”

“தெரியும் பாஸ்.”

“உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் மேசையில இருக்கு. தெரியுமா?”

“தெரியும். நீங்க இன்னும் சைன் பண்ணல.”

“வாயி!” என்றார். ஆனால் பார்வை என் பூட்ஸின் மேல்தான் இருந்தது.

“நான் சொல்றத நம்பாதீங்க பாஸ்,” என்றேன். “நானே நம்பல. மூணு குடுவ வைங்க. ஒண்ணுல ஆத்துத் தண்ணி, ரெண்டுல வடிகட்டின சுத்தத் தண்ணி. மூணையும் ஒரே சூடு, காகிதம் சுத்திருங்க. நான் வெளிய நிக்கிறேன். தைலம் என் கால்ல இருந்தா மூணுலயும்தான் வரணும். ஒண்ணுல மட்டும் வந்தா அது தண்ணி.”

அவர் எழுந்து மூன்று குடுவைகளை எடுத்தார். “மூணு தடவ பாப்பேன். ஒரு தடவ தப்பா சொன்னாலும் கோட்ட அழிச்சிட்டுப் பழைய மாதிரி எழுதணும்.”

“சரி.”

வெளியே வராந்தாவில் நின்றேன். பனி விலகிக்கொண்டிருந்தது. முதல் முறை கூப்பிட்டார். வெள்ளைக் காகிதம் சுற்றிய மூன்று குடுவைகள் மூன்று பிள்ளைகள்போல வரிசையாக நின்றன. நடுவில் இருந்ததைத் தொட்டேன். அவர் கதவைக் காட்டினார். வெளியே போனேன். இரண்டாவது முறை, இடது ஓரம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கழுத்தில் மட்டும் ஒரு நரம்பு அசைந்தது. வெளியே போனேன்.

மூன்றாவது முறை.

முதல் குடுவை, வெறும் சூடு. இரண்டாவது, வெறும் சூடு. மூன்றாவது. வெறும் சூடு. மறுபடி முதலிலிருந்து குனிந்தேன். ஒன்றுமில்லை. அம்மாவின் குரல், என் குரல், கல்யாண வீட்டு அத்தைகளின் குரல் எல்லாம் சேர்ந்து எழுந்தது: ஏதாவது ஒண்ணச் சொல்லு, மூணுல ஒண்ணு, சொல்லு, சொல்லலன்னா எல்லாம் போச்சு. நான் குழாயை நினைத்தேன். அந்தக் குழந்தையின் ஈர முதுகை நினைத்தேன். என்னிடம் இல்லாத வாசத்தை அதற்குக் கொடுக்க முடியாது, இருக்கிற வாசத்தை மறைக்கவும் முடியாது.

“எது?” என்றார் பாஸ்.

“எதுவும் இல்ல.”

“ஒண்ணச் சொல்லணும்.”

“இல்ல பாஸ். மூணும் சுத்தத் தண்ணி.”

அவர் மெதுவாக ஒவ்வொரு குடுவையின் காகிதத்தையும் பிரித்தார். அடியில் எழுதியிருந்ததைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

“கெட்டிக்காரிதான்,” என்று முணுமுணுத்தார், என்னிடம் அல்ல. பிறகு கதவைப் பார்த்துச் சத்தமாக, “சௌதா!”

சௌதா வந்தாள். நான் வெளியே போக வேண்டும், அவளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று நானே சொன்னேன். ஜனவரி மாதிரி ஆகக் கூடாது. அவள் கதவருகில் என்னைக் கடந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“என்னா லா இது,” என்றாள் மெதுவாக. “எங்கண்ணன் ராசிக் இன்னிக்கி ஐநூறு பேருக்குக் கஞ்சி ஆர்டர் எடுத்திருக்கான். தண்ணி நின்னா என்னைக் கொன்னுருவான்.”

எனக்குப் பதில் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவள் மூக்கு என் மூக்காகிவிடும்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். எட்டு நாள் நோன்பு இருந்த வயிறு, காலியான வாய். அந்த மூக்கு கத்தி மாதிரி இருக்கும் என்று அவளே சொல்வாள். முதல் குடுவையில் குனிந்தாள். இரண்டாவதில் குனிந்தவள் அப்படியே நின்றாள். நீண்ட நேரம். அவள் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன். ஒருவர் ஒன்றை ஏற்றுக்கொள்ளும்போது உடம்பு அப்படித்தான் இறங்கும்.

“ரெண்டாவது,” என்றாள். “செருப்புக் கடை வாசம்.”

பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தாளில் குறிப்புப் பகுதியில் எழுதியிருந்ததைக் காட்டினேன். புதுச் செருப்பு, இனிப்பு. அவர் அதைப் படித்தார், சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். அழைக்கும் முன் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். அவருக்கும் ஜனவரி இருக்கிறது. அதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

“மூடு,” என்றார் ஃபோனில். “ஆமா. ரெண்டு மூக்கு. மூடு.”

பம்புகள் நின்றன. ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. நின்ற பிறகுதான் சத்தம் என்றே தெரிந்தது. அந்த மௌனம் மேலிருந்து இறங்கி எல்லாவற்றின் மேலும் படர்ந்தது. தொட்டிகளில் தண்ணீர் அலையை மறந்து கண்ணாடி ஆனது, அதில் ஒரு வெள்ளைக் கொக்கு தலைகீழாக நடந்தது. தூரத்தில் யாரோ மலாயில் கூப்பிட்டது பக்கத்தில் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் நின்றோம். எனக்குப் பயமாக இருந்தது. அது நிற்கவில்லை. ஆனால் அது ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது, வண்டியை ஓட்டவில்லை.

பத்து மணிக்குள் பாஸின் பாதி மூக்குக்கே வாசம் வந்துவிட்டது. மேலே பாலத்துக்கு அப்பால் ஒரு வடிகாலில் நுரையோடு ஏதோ இறங்குகிறது என்று ரோந்து போனவர்கள் சொன்னார்கள். யார் கொட்டியது என்று கண்டுபிடிக்க நாளாகும், கண்டுபிடிக்காமலும் போகலாம். அதை நினைத்தால் எனக்கு வருகிற கோபம் வேறு. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சௌதா மூலையில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். “ஆமாண்ணே, நான்தான். கத்தாத. லோரித் தண்ணி கேட்டு வாங்கு. அந்தக் கஞ்சிய நீ குடிப்பியா முதல்ல? சொல்லு. குடிப்பியா?” மறுபக்கம் சத்தம் குறைந்தது.

பாஸ் என் மேசைக்கு வந்தார். “அந்த லெட்டரு விஷயம். நீ தாள்ல மாத்தி எழுதினத மேல உள்ளவங்க கேப்பாங்க. நான் என்னா சொல்றதுன்னு தெரியல. என் கையில இல்ல.”

“நடந்தத சொல்லுங்க பாஸ்.”

“அவ்ளோதானா? வேற ஒண்ணும் கேக்க மாட்டியா?”

“பதினோரு மணிக் குடுவைக்கு நேரமாச்சு,” என்றேன். உண்மையாகவே ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மாலை ஐந்தரை. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பின் மேட்டுப் பகுதியில் குழாய் காலி. தெரு முனையில் தண்ணீர் லோரி நின்றது. வாளி, பக்கெட், குழந்தை குளிப்பாட்டும் தொட்டி, சோறு வடிக்கும் பானை எல்லாம் வரிசையில் நின்றன. வெயில் சாய்ந்து தகரங்களின் மேல் மஞ்சளாக வழிந்தது. லோரிக் குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் வெளிச்சத்தைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. அம்மா இரண்டு பக்கெட்டோடு நடுவில் நின்றாள். நான் போய் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

“சாப்பிட்டியா? கண்ணு ஏன் செவந்திருக்கு?” என்றாள்.

முன்னால் இருந்த தங்கமணி ஆன்டி திரும்பாமலே பேசிக்கொண்டிருந்தார். “எந்த மடச்சி மூடினாளோ தெரியல. ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு சுவிச்ச அமுக்கிடறது. என் பேத்திக்கு மேலுக்குத் தண்ணி ஊத்த முடியல, வேர்க்குருல கத்துது. அவ வீட்டுல தண்ணி வருமாயிருக்கும்!”

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். சும்மா இரு என்று அர்த்தம். அந்தப் பிடியில் பழைய வருடங்கள் எல்லாம் இருந்தன: நமக்கெதுக்கு, வாயைத் திறக்காதே, யாரும் உன்னைப் பார்க்காமல் இருந்தால் நல்லது.

“நான்தான் ஆன்டி,” என்றேன்.

ஆன்டி திரும்பினார். “என்னாது?”

“மூடச் சொன்னது நான்தான். எங்க வீட்டுலயும் வரல. பாருங்க, பக்கெட்.”

வரிசை என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள். அம்மாவின் கை என் முழங்கையிலேயே இருந்தது, ஆனால் இழுக்கவில்லை.

“நீயா? செசிலியா மவளா? ஏன் லா மூடின?”

“ஆத்துல கெமிக்கல் வாசம். உங்க பேத்தி குளிக்கறதுக்கு அது வேணாம்னு மூடினோம்.”

ஆன்டி தன் தொட்டியைப் பார்த்தார். “அப்ப காலைல அதுக்குப் பால் கலக்கினேனே? அது?”

“அது நேத்து வந்த தண்ணி. நல்ல தண்ணி. நானே பாத்தது.” நான் அதை யோசிக்காமல் சொன்னேன். சொன்ன பிறகு, அது உண்மை என்று எனக்குள் ஏதோ ஒன்று அசைந்து உட்கார்ந்தது.

லோரிக்காரர் கூப்பிட்டார், வரிசை நகர்ந்தது. ஆன்டி தன் தொட்டியை நகர்த்தினார், அது கனமாக இருந்தது, நான் ஒரு பக்கம் பிடித்தேன். அவருக்குக் கோபம் முழுசாகப் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

“சரி, எப்பத் தொறப்பீங்க? நாளைக்கா, நாளன்னிக்கா?”

“ஆறு சுத்தமானதும்.”

“சுத்தமாச்சுன்னு எப்படித் தெரியும்?”

“காலைல ஏழு மணிக்கு நான் போயி மோந்து பாக்கறேன்,” என்றேன். “பாத்துட்டுச் சொல்றேன் ஆன்டி.”